இன்ஸ்பெக்டர் அந்துவானின் மகன்

பாரிஸில் வதிவிட அட்டைக்காக அலைந்து திரிந்த எம்மவர் பலருக்கு 'சித்தே' என்ற மெத்ரோ நிலையத்தைத் தெரியாமலிருக்காது. படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் பொலிஸ் தலைமையகம், வீதிக்கு மறுபக்கம் நீதிமன்ற மாளிகை. அந்த மாளிகையைச் சுற்றிக்கொண்டு செயின் ஆற்றங்கரைப் பக்கம் போனால் ஒரு வீதி வரும். அதன் பெயர் 'கே தேஸ் ஓர்ஃபேவ்ர்'. தமிழில் சொல்வதானால் பொற்கொல்லர் கரை. அங்கே 36 ஆம் இலக்கத்தில்தான் பாரிஸின் குற்றப் புலனாய்வுப் பொலிஸ் நீண்ட காலம் இருந்தது. 2017 இல் அவர்கள் நகரின் 17 ஆம் வட்டாரத்தில் ஒரு புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் '36' என்று சொன்னால் பிரெஞ்சுக்காரருக்கு இன்றும் அந்தப் பழைய கட்டிடம்தான் ஞாபகம் வரும்.

அந்த வீதியின் பெயரிலேயே 1947 இல் ஒரு திரைப்படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், ஒரு கொலை, அதைத் துப்புத் துலக்கும் இன்ஸ்பெக்டர் என்று போகும் கதை. இன்று எழுபது வருடங்களுக்கு மேலாகியும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இடைக்கிடை போடுகிறார்கள்; நகரசபை நூலகங்களிலும் பல இடங்களில் இரவல் எடுக்கலாம்.

நான் சினிமா படித்தவனல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை. கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கும் ஆவலோடுதான் படத்தைப் பார்க்க இருந்தேன். பார்த்து முடித்த பின் கொலை மறந்து போய், படத்தில் சில நிமிடங்களே வரும் ஒரு பையனும், தன் மனதை ஒருவருக்கும் சொல்லாத ஒரு பெண்ணும்தான் மனதில் நின்றார்கள். புதிதாக இந்த நாடுகளுக்கு வந்து குடியேறியிருக்கும் எமது குடும்பங்களுக்கு அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கதை

படத்தை எடுத்தவர் ஹென்றி ஜோர்ஜ் குளூஸோ. பெல்ஜியத்து எழுத்தாளர் ஸ்தீமன் 1942 இல் எழுதிய மர்ம நாவல்தான் மூலம். திரைக்கதை எழுதத் தொடங்கிய வேளையில் அந்த நாவலின் ஒரு பிரதிகூடக் கைக்குக் கிடைக்காததால், முன்பு வாசித்த ஞாபகத்தை வைத்தே குளூஸோ எழுதினார் என்று சொல்வார்கள். எழுதி முடிந்தபோது கதை பெரிதும் மாறிப் போயிருந்தது.

ஜெனி லமூர் கொட்டகைகளில் பாடும் ஒரு பாடகி. ஏழை வீட்டுப் பிள்ளை. எப்படியும் முன்னுக்கு வரவேண்டும் என்ற துடிப்பு. சூஸி டெலேர் நடித்திருக்கிறார். அவளுக்குப் பியானோ வாசிக்கும் கணவன் மோரிஸ் (பெர்னார் பிளியே) சந்தேகப் பிராணி. பிறின்யோன் என்ற பணக்காரக் கிழவன், படத்தில் சந்தர்ப்பம் வாங்கித் தருவதாக ஜெனிக்கு ஆசை காட்டுகிறான். மோரிஸ் பலர் முன்னிலையில் அவனைக் கொன்றுவிடுவதாகக் கத்துகிறான். ஒரு நாள் மனைவி பொய் சொல்லிவிட்டுப் போயிருப்பது தெரிய வர, துப்பாக்கியோடு பிறின்யோன் வீட்டுக்குப் போகிறான். போய்ப் பார்த்தால் கிழவன் ஏற்கனவே செத்துக் கிடக்கிறான். மோரிஸ் வெளியே ஓடி வந்தால் அவனுடைய காரையும் யாரோ களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்கிடையில் ஜெனி, தானே சம்பேன் போத்தலால் அடித்துக் கிழவனைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, அதே கட்டிடத்தில் போட்டோ ஸ்ரூடியோ வைத்திருக்கும் டோராவிடம் போய் அழுகிறாள். தான் அங்கே விட்டு வந்த நரித்தோல் சால்வையையும் சொல்கிறாள். டோரா ஒன்றும் பேசாமல் அந்த வீட்டுக்குப் போய், சால்வையை எடுத்து, விரல் அடையாளங்களையும் துடைத்துவிட்டு வருகிறாள்.

கணவன் மனைவிக்கு மறைக்கிறான், மனைவி கணவனுக்கு மறைக்கிறாள், இருவருக்காகவும் டோரா பொலிசுக்கு மறைக்கிறாள். இந்த முடிச்சுக்குள் வந்து சேருகிறார் இன்ஸ்பெக்டர் அந்துவான். நடித்தவர் பிரெஞ்சு நாடக மேடையின் பெரிய கலைஞர் லூயி ஜூவே. கொலையாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பையன்

இன்ஸ்பெக்டர் அந்துவான் வெள்ளைக்காரர். முன்பு குடியேற்ற நாடுகளில் படையில் இருந்தவர். அங்கிருந்து தான் கொண்டு வந்தவை இரண்டே இரண்டு என்கிறார்: ஒன்று மலேரியாக் காய்ச்சல், மற்றது மகன். மகன் நிறங்கலந்த பிள்ளை. பாரிஸில் தகப்பனோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறான்.

படம் முழுக்க அந்துவானுக்கு ஒரு கவலை இருக்கிறது. கொலையைப் பற்றிய கவலை அல்ல. மகனுக்குக் கேத்திரகணிதம் ஓடாது. பரீட்சையில் என்ன செய்தானோ என்ற கவலை. இரவிரவாக ஆட்களை விசாரிக்கும், குளிரில் கோட்டும் தொப்பியுமாக அலையும் அந்தக் களைத்த மனிதரை எமக்கு மனிதராகக் காட்டுவது இந்தக் கேத்திரகணிதம்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படங்களைக் கொஞ்சம் பார்த்தால் விளங்கும். 1930 களில் குடியேற்ற நாடுகளை வைத்துப் பல படங்கள் எடுத்தார்கள். 1937 இல் வந்த 'பேப்பே ல மொக்கோ' மிகப் புகழ் பெற்றது. கதை நடப்பது அல்ஜியர்ஸ் நகரில். ஆனால் அல்ஜீரிய மக்கள் அதில் பின்னால் நடமாடும் கூட்டம் மட்டுமே. சிலிமான் என்ற உள்ளூர்ப் பொலிஸ்காரன் முக்கியமான பாத்திரம். அதில்கூட நடித்தவர் லூக்கா கிரிதூ என்ற ஐரோப்பியர். ஓரானில் பிறந்த கறுப்பு நடிகர் ஹபீப் பெங்லியா நாடக மேடையில் பெரிய வேடங்கள் செய்தவர். சினிமாவிலோ அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சின்னஞ்சிறு வேடங்கள். 1945 இல் வந்த புகழ் பெற்ற 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' படத்தில் அவர் குளியல் நிலையப் பணியாளாக வந்து போகிறார்.

அப்படியான காலத்தில், பாரிஸ் நகரத்துக்குள், ஒரு பொலிஸ் அதிகாரியின் வீட்டுக்குள், நிறம் வேறான ஒரு பிள்ளையைக் குளூஸோ வைக்கிறார். அவனை வைத்துப் பகிடி பண்ணவில்லை. அவனைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லவுமில்லை. அவன் ஒரு பிரச்சினையாக வரவில்லை, ஒருவருடைய மகனாக வருகிறான். அவனுக்கிருக்கும் கரைச்சல் வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய கரைச்சல். படம் நத்தார்க் காலத்தில் முடிகிறது. கொலை வழக்கெல்லாம் ஓய்ந்த பின் அந்துவான் போய்ச் சேருவது அந்தப் பையனிடம்தான்.

படம் வந்த 1947 இல் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தோசீனாவில் 1946 இறுதியில் போர் வெடித்திருந்தது. மடகஸ்காரில் 1947 மார்ச்சில் எழுந்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படைகள் கொடூரமாக அடக்கின. எமது மொழி பேசும் புதுச்சேரியும் காரைக்காலும்கூட அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தன. 1954 இல்தான் அவை இந்தியாவின் கைக்கு வந்தன. ஆகவே 'குடியேற்ற நாடுகள்' என்று அந்துவான் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு துண்டுத் தமிழ் நிலமும் அடங்கியிருந்தது.

தாய் எங்கே?

இந்த இடத்தில் படத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிட முடியாது. மகன் இருக்கிறான், தகப்பன் இருக்கிறார். தாய் எங்கே? அவள் படத்தில் வருவதே இல்லை. காய்ச்சலோடு சேர்த்துப் பிள்ளையையும் 'கொண்டு வந்தேன்' என்று தகப்பன் சொல்லும்போது, எவளிடமிருந்து கொண்டு வந்தார் என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை.

குடியேற்ற நாடுகளில் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் ஏராளம். தகப்பன்மார் பலர் பிள்ளைக்குப் பெயர்கூடக் கொடுக்காமல் கப்பலேறிவிட்டார்கள். இந்தோசீனாவில் இப்படிப் பிறந்த பிள்ளைகள் பலரைத் தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வைத்துப் பிரெஞ்சுக்காரராக வளர்த்தார்கள். 1928 இல் அங்கே ஒரு ஆணை வந்தது. தகப்பன் யாரென்று சட்டப்படி தெரியாவிட்டாலும், பிரெஞ்சு இனத்தவனுக்குப் பிறந்ததாகக் கருதத்தக்க பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பிள்ளையின் பெயரையும் வளர்ப்பையும் தோற்றத்தையும் பார்த்து நீதிமன்றம் முடிவு சொன்னது. தாய் யாரென்பது அந்த முடிவில் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அந்த வகையில் அந்துவான் நல்ல தகப்பன். பிள்ளையைக் கைவிடவில்லை, ஊரறியத் தன் மகன் என்று சொல்லி வளர்க்கிறார். ஆனால் பையன் பேசும் வார்த்தைகள் மிகக் குறைவு. அவன் என்ன நினைக்கிறான், தாயின் மொழி அவனுக்குத் தெரியுமா, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள், ஒன்றும் எமக்குத் தெரிவதில்லை. அவனைத் தகப்பனின் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். ஒரு சமூகத்து மனிதர்கள் படத்தில் 'இருப்பது' ஒன்று, தங்கள் வாயால் 'பேசுவது' இன்னொன்று. முதலாவதை இந்தப் படம் செய்தது. இரண்டாவதற்கு இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டோரா

அடுத்தவர் டோரா. நடித்தவர் சிமோன் ரெனோன். தனியாக வாழும் பெண், சொந்தத் தொழில், சொந்த ஸ்ரூடியோ. மோரிஸ் அவளுடைய சின்ன வயதுச் சிநேகிதன். ஆகவே டோராவுக்குத் தன் புருஷனில் ஒரு கண் என்று ஜெனி நினைக்கிறாள். உண்மை அதுவல்ல. டோரா நேசிப்பது ஜெனியை.

இதைப் படத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜெனியைப் படம் பிடிக்கும்போது டோரா பார்க்கும் பார்வையிலும், அவளுக்காகக் கொலை நடந்த வீட்டுக்கே போகும் துணிவிலும் இருந்து நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கிக்கொள்ளும் ஒரே பாத்திரம் அந்துவான். உங்களை எனக்குப் பிடிக்கிறது, நீங்களும் என்னைப் போன்ற ஒரு ஆள், பெண்கள் விஷயத்தில் உங்களுக்கும் அதிர்ஷ்டம் வாய்க்கப் போவதில்லை என்ற கருத்தில் அவர் அவளிடம் சொல்கிறார். அதில் ஏளனமில்லை, அருவருப்புமில்லை. தனிமையில் இருக்கும் ஒருவர் தனிமையில் இருக்கும் இன்னொருவரை அடையாளம் காண்கிறார், அவ்வளவுதான்.

அன்றைய பிரான்சில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்ததே 1945 இல். ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது விஷி அரசு 1942 இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொள்ளும் உறவுக்கு மட்டும், மற்றவர்களைவிடக் கூடிய வயதெல்லையை விதித்து, மீறினால் தண்டனை என்றது. நாடு விடுதலையான பின்னும் 1945 இல் புதிய அரசு அதை நீக்காமல் வைத்துக்கொண்டது. 1982 இல்தான் அது முற்றாக ஒழிந்தது. 2013 இல் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்யவும் உரிமை வந்தது. 1947 இல் டோராவைப் போன்ற ஒரு பெண்ணைக் கேலிப் பொருளாகவோ கெட்டவளாகவோ காட்டாமல், படத்திலேயே நாணயமான ஆளாகக் காட்டியது சிறிய காரியமல்ல.

இங்கேயும் ஒரு குறை உண்டு. ஜெனிக்குக் கணவன் கிடைக்கிறான், அந்துவானுக்கு மகன் இருக்கிறான். டோராவுக்கு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் உதவிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் அவளுக்கு விதிக்கப்பட்டது. பின்னால் வந்த எத்தனையோ படங்களில் இப்படியான பாத்திரங்களுக்கு இதே தலைவிதிதான்.

அதிகாரம் உள்ளவர், இல்லாதவர்

குளூஸோ இந்தப் படத்துக்காகப் புலனாய்வுப் பொலிசாரின் வேலையை நேரில் போய்ப் பார்த்தவர். அதனால் 36 ஆம் இலக்கம் பளபளப்பாக இல்லை. குளிர்ந்த அறைகள், தூக்கமில்லாத அதிகாரிகள், வாங்கில் காத்துக் கிடக்கும் சனங்கள்.

டோராவை அன்றிரவு ஏற்றிச் சென்ற ரக்சிச் சாரதியைக் கொண்டு வந்து அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். மனிதருக்கு விருப்பமில்லை, காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. நெருக்கியதும் வேறு வழியில்லாமல் அடையாளம் காட்டிவிட்டு, டோராவிடமே மன்னிப்புக் கேட்கிறார். பியேர் லார்க்கே என்ற நடிகர் அந்தச் சின்ன வேடத்தில் என்னை உலுப்பிவிட்டார். அனுமதிப் பத்திரத்தை நம்பிப் பிழைப்பவனின் பயம் என்னவென்று எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, நேற்றுச் சொன்னதையும் இன்று சொன்னதையும் வைத்து மடக்கும் விசாரணைகளும் எம்மில் பலருக்குப் புதிதல்ல. அந்துவான் நல்ல தகப்பன். ஆனால் விசாரணை அறையில் அவரும் இரக்கமற்றவர்தான். இரண்டையும் படம் மறைக்காமல் காட்டுகிறது.

குளூஸோவும் அப்போது ஒதுக்கப்பட்டிருந்த ஒருவர்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜேர்மன் பணத்தில் இயங்கிய கொன்டினென்ரல் நிறுவனத்துக்காக 1943 இல் 'காகம்' என்ற படத்தை எடுத்தவர். விடுதலைக்குப் பின் அதற்காக அவரைப் படமெடுக்கக் கூடாதென்று தடுத்து வைத்தார்கள். தடை நீங்கி அவர் எடுத்த முதல் படம் இதுதான். வெனிஸ் விழாவில் 1947 இல் இதற்காக நெறியாள்கைப் பரிசு கிடைத்தது. பிரான்சில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர் செய்ததைச் சரியென்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் யூதர்களுக்குப் பிரெஞ்சுச் சினிமாவில் இடமே இருக்கவில்லை என்பதை மறக்க முடியாது.

நாம் எப்படிப் பார்க்கிறோம்?

எங்கள் பிள்ளைகள் இங்கே வகுப்பில் பெரும்பாலும் நிறம் வேறான பிள்ளைகள். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் எங்கள் மகளின் கணக்குப் புள்ளியைச் சொல்வதற்கு முன், வீட்டில் என்ன மொழி, எந்த நாடு, எப்படி வந்தீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. ஆனால் நேரம் முடிந்த பிறகுதான் பிள்ளை பெருக்கலில் பின்தங்கியிருப்பது தெரிய வந்தது. பிள்ளையை முதலில் பிள்ளையாகப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம்தானே.

அதே நியாயத்தை நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கிறோமா? என்னோடு இரவு வேலை செய்பவர்களில் மாலி நாட்டவர், அல்ஜீரியர், போர்த்துக்கேயர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே பெல்ற்றில் நின்று பெட்டி அடுக்கிவிட்டு, எங்கள் ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்துக்கு வந்ததும் 'காப்பிலி' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. எமது பெண்பிள்ளை ஒருத்தி ஒரு ஆபிரிக்கப் பையனைக் கல்யாணம் செய்து, அந்துவானின் மகனைப் போல ஒரு பிள்ளையோடு தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தால், அந்தப் பிள்ளைக்கு எங்கள் மண்டபத்தில் எங்கே இடம்? டோராவைப் போல ஒரு மகள் எங்கள் வீட்டில் இருந்தால், அவள் மனதை விளங்கிக்கொள்ள ஒரு அந்துவானாவது எங்களிடம் உண்டா, அல்லது அவளும் வாய் மூடித்தான் இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விகள் சிலருக்குக் கோபம் தரலாம். எமது பண்பாட்டைக் காப்பாற்றவே நேரமில்லை, இதற்குள் இது வேறா என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரர் எம்மைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முறைப்பாடு செய்யும் நாம், அடுத்த மனிதரைச் சரியாகப் பார்க்கப் பழகாவிட்டால் அந்த முறைப்பாட்டுக்கு வலுவில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் கவனித்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

படம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். பேச்சு வேகமானது, காது கேளாதோருக்கான பிரெஞ்சு எழுத்துக்களைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மொழி படிப்பவர்களுக்கும் உதவும். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. மேல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். அந்தப் பையனைப் பற்றியும் டோராவைப் பற்றியும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள், பிறகு நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் சொன்னவற்றை எழுதி அனுப்பினால் நாம் எல்லோரும் வாசிக்கலாம்.